கண்டிஷனர் முடியில் எப்படி ஒட்டுகிறது?

உதிர்ந்த தலைமுடி ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை உருவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். அதையே நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக உருவினால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேற்பரப்பு முழுக்க ஓட்டுக்கூரைபோல் அடுக்கிய செதில்கள். எல்லா விளிம்பும் நுனியைப் பார்த்தபடி இருக்கும். இந்தச் செதில்கள் தேய்ந்தாலோ தூக்கிக்கொண்டாலோதான் முடி பக்கத்து முடியில் மாட்டிச் சிக்காகிறது, பளபளப்பும் போகிறது.

புதிதாக முளைத்த முடிக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை. செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று பிறவியிலேயே ஒட்டியிருக்கும். ப்ளீச், சாயம், வெயில், சீப்பு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியானால் 30 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது இரண்டரை. அத்தனை நாள் அடிபட்ட நுனியும் போன மாதம் முளைத்த வேர்ப்பகுதியும் ஒரே முடியில்தான் இருக்கின்றன.

படலம் போன இடத்தில் முடியின் புரதம் வெளியே தெரியும். நனைந்ததும் அங்கே எதிர்மின்னூட்டம் கூடும். கண்டிஷனரில் உள்ள முக்கியமான மூலக்கூறுகளுக்குத் தலையில் நேர்மின்னூட்டம், பின்னால் நீண்ட கொழுப்பு வால். மூலக்கூறின் தலை போய் முடியில் ஒட்டிக்கொள்ள, வால் வெளியே நீட்டி வழுக்கலைத் தருகிறது. எவ்வளவு அலசினாலும் முழுவதும் போகாததற்கு இந்த ஈர்ப்புதான் காரணம். எங்கே சேதம் அதிகமோ அங்கே எதிர்மின்னூட்டமும் அதிகம் என்பதால் தேவையான இடத்தில்தான் அது கூடுதலாகப் படிகிறது. சாதாரணக் குழம்புக்கு இவ்வளவு புத்தியா என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

லேபிளில் பெஹென்ட்ரைமோனியம், செட்ரிமோனியம் என்று தொடங்கும் பெயர்கள் இந்த மூலக்கூறுகளைத்தான் குறிக்கின்றன. பக்கத்திலேயே செட்டில் ஆல்கஹால் என்றிருந்தால் பயப்பட வேண்டாம். பெயர்தான் ஆல்கஹால், உண்மையில் மெழுகுபோன்ற பொருள், முடியை உலர்த்தாது.

மெல்லிய முடிக்காரர்களுக்கு வேறு கணக்கு. முடி மெலிய மெலிய, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். கண்டிஷனர் படிய இடமும் கூடும். கொஞ்சம் மிஞ்சினாலும் பாரம் தாங்காமல் முடி தலையோடு படிந்துவிடும். நானே வெகுகாலம் உச்சந்தலையில் அழுத்தித் தேய்த்துவிட்டு, மதியத்துக்குள் எண்ணெய் வழிகிறதே என்று ஷாம்புவைத் திட்டியிருக்கிறேன். இவர்களுக்கு இலகுவான கண்டிஷனர், அதுவும் காதுக்குக் கீழே மட்டும், போதும்.

சுருட்டை முடிக்கு நேர்மாறு. தோல் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்காது. ஒவ்வொரு வளைவும் பக்கத்து முடியோடு உரசும். கெட்டியான கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது நல்லது. ஈர முடி எளிதில் நீளும். வழுக்கல் இல்லாமல் இழுத்தால் அறுந்துவிடும். ப்ளீச் செய்த முடிக்கு அமோடைமெத்திக்கோன் உள்ளதைத் தேடலாம். நேர்மின்னூட்டம் ஏற்கும் சிலிக்கோன் அது. சேதமான இடத்தில் பார்த்து உட்காரும்.

எந்த முடியானாலும் ஷாம்புவை நன்றாக அலசி, தண்ணீரைப் பிழிந்த பிறகே கண்டிஷனர். ஷாம்புவின் நுரை தரும் பொருள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. மிச்சமிருந்தால் கண்டிஷனர் முடியை விட்டு அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஓரிரு நிமிடம் ஊறினால் போதும். மணிக்கணக்கில் வைத்தால் முடிக்கு ‘ஊட்டம்’ ஏறும் என்பதை நான் நம்புவதில்லை. தோலுக்கு வெளியே இருக்கும் முடியில் உயிரணு கிடையாது, ஊட்டத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. பிளந்த நுனியையும் கண்டிஷனர் அடுத்த குளியல்வரை ஒட்டிவைக்கும், அவ்வளவுதான், அதற்குக் கத்தரிக்கோல்தான்.