சத்தத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

வாங்குவதற்கு முன் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கராஜுக்குக் கொண்டுவரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இப்போது அநேகமாக ஒரே கதைதான். வண்டி ஒழுங்கை முனையில் திரும்பும்போதே உள்ளே கேட்கிறது. இறங்கி வருகிறவரின் முகம் பூரித்திருக்கிறது. "சத்தத்தக் கேட்டீங்களா? எஞ்சின் அந்த மாதிரி இருக்கு." லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் (சுருக்கமாகக் 'கெட்') இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாயை வைத்து ஒட்டியிருக்கிறது. முற்பணமோ நேற்றே கைமாறிவிட்டது. ஒன்றிரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப இதையே பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கொழும்பில் பெரும்பாலும் கைமாறுவது பழைய வண்டிகள்தான்: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி எவோ, ஹொண்டா சிஆர்-இசட், எஸ்660, மஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா 86. நாலைந்து கை மாறியவை. ஒவ்வொரு கையும் சைலன்சரில் ஏதாவது செய்திருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் தெரிவில் சத்தம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை, மிக முக்கியம். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய சத்தம் வேறு, விற்கிறவர் உங்களுக்குக் கேட்க வைக்கிற சத்தம் வேறு.

முதலில், சத்தம் கூடினால் பவர் கூடும் என்ற நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பிழையும் இதிலிருந்துதான் முளைக்கிறது. குழாய் வாயிலிருந்து அரை மீற்றரில் 100 டெசிபல் என்பது காதைப் பிளக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் இருக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 0.03 வோட்ஸ்தான் வரும். கைத்தொலைபேசி டோர்ச்சுக்கே அதைவிடக் கூட வேண்டும். அந்தக் காரின் எஞ்சின் 200 குதிரைவலு என்றால் அது 1,47,000 வோட்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன தொடர்பு? சத்தம் கூடியது என்றால் சத்தத்தை விழுங்கும் பாகம் ஒன்று போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம். டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். எஞ்சினுக்கு அதில் ஒரு குதிரைகூடச் சேராது.

பல வண்டிகளில் பவர் குறையவும் செய்கிறது. 1.5 லீற்றர் டர்போ இல்லாத எஞ்சினுக்கு இரண்டு அங்குலக் குழாய் தாராளம். அதில் மூன்று அங்குலக் குழாயை மாட்டினால் புகை போகும் வேகம் விழுந்துவிடும். வேகமாகப் போகும் புகைதான் அடுத்த சிலிண்டரிலிருந்து மிச்சப் புகையை உறிஞ்சி இழுக்கிறது. அது போனால் கீழ்ச் சுற்றில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, இழுவை போய்விடும். பேஸ்லைன் வீதி நெரிசலில் நீங்கள் நாள் முழுக்க ஓட்டுவது அந்தக் கீழ்ச் சுற்றில்தான். இதைத்தான் சிலர் "பெக் பிரஷர் (புகைக்கு எதிரழுத்தம்) வேணும்" என்று பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள். எந்த எஞ்சினும் பெக் பிரஷரைக் கேட்பதில்லை, அது கேட்பது வேகத்தை.

இனி, சத்தத்தின் குணம். அது சைலன்சரில் பிறப்பதில்லை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருதரம் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் நாலு சிலிண்டர் என்றால் செக்கனுக்கு 200 வெடிப்பு, ஆறு சிலிண்டர் என்றால் 300, பத்து என்றால் 500. அந்த எண்ணிக்கைதான் சுருதி. நாலு சிலிண்டரில் எந்தச் சைலன்சரை மாட்டினாலும் வி8 சத்தம் வராது. நாதஸ்வரத்தை எவ்வளவு பலமாக ஊதினாலும் தவில் கேட்காது. சுபாருவின் பிரபலமான அந்த உறுமலும் இப்படித்தான். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்தெடுக்கும் இரு பக்கத்து மெனிபோல்ட் குழாய்களின் நீளம் சமமில்லாததால் வெடிப்புகள் முன்பின்னாக வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். புகையை இரண்டு தனி வழியாக வாங்கும் ட்வின் ஸ்க்ரோல் டர்போ போட்ட ஜப்பான் சுபாரு எஸ்டிஐயில் குழாய்கள் சம நீளம், அதனால் உறுமல் இல்லை. "உறுமல் இல்ல, எஞ்சின் மாத்தியிருக்காங்க போல" என்று நல்ல வண்டியைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறுமலுக்காகச் சமமில்லாத மெனிபோல்ட் போட்டு டர்போவின் நன்மையைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு எஞ்சினின் குரல் பிடிக்குமா என்று அறிய வேண்டுமானால், கொம்பனி சைலன்சரோடு இருக்கும் அதே மொடலைத் தேடிப் போய்க் கேளுங்கள். சில புதிய கார்களில் உள்ளே கேட்பது ஸ்பீக்கரில் வரும் சத்தம் என்பதும் நினைவிருக்கட்டும். 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 அப்படிப்பட்டது. கண்ணாடியை இறக்கி, வெளியிலும் நின்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

உரத்த சைலன்சரால் வரும் பெரிய நட்டம் அது மறைக்கிற சத்தங்கள். கொன்ரொட் பெயாரிங் தேய்ந்த எஞ்சினில் 2000க்கும் 3000 சுற்றுக்கும் இடையில் அக்ஸிலரேட்டரை விடும்போது அடியிலிருந்து மந்தமான 'டொக் டொக்' வரும். ஹொண்டாவின் கே வரிசை எஞ்சின்கள் சிலவற்றில் கேம் கியர் தேய்ந்தால், குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் ஓரிரு செக்கன் 'கரகர' என்று வந்து போய்விடும். 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றி ஓட்டிய டர்போ எஞ்சினில் மேட்டில் ஏறும்போது தகரப் பேணியில் மணலைப் போட்டுக் குலுக்குவதுபோல் நொக்கிங் (பெற்றோல் நேரம் தப்பி வெடிப்பது) கேட்கும். டபிள்யூஆர்எக்ஸ், எவோ போன்றவற்றின் எஞ்சின்களை ஜப்பானில் ஹை ஒக்டேன் ஊற்றச் சொல்லித்தான் செய்தார்கள். இந்த மூன்றும் உரத்த சைலன்சர் வண்டியில் உங்கள் காதுக்கு எட்டாது. சில விற்பனையாளர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பார்க்கப் போகும் நாளில் என்ன செய்ய வேண்டும்? எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். குளிர்ந்த எஞ்சின் இயங்கும்போது மெனிபோல்ட் பக்கம் 'டிக் டிக்' கேட்டு, சூடேறச் சூடேறக் குறைந்தால் கசிவு இருக்கிறது. இரும்பு விரிந்து இடுக்கை மூடுவதால்தான் குறைகிறது, சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். ஒக்சிஜன் சென்சர் பெற்றோல் போதவில்லை என்று எண்ணும். கணினி இன்னும் ஊற்றும். பெற்றோலும் வீண், கெட்டும் பாழ்.

அடுத்து, கைக்கு உறை போட்டு, ஈரத்துணியை நாலாக மடித்து, ஐட்லிங்கில் குழாய் வாயை இறுக்கி அடைத்துப் பாருங்கள். நல்ல சிஸ்டம் என்றால் சில செக்கனில் அழுத்தம் துணியைத் தள்ளும், எஞ்சின் திணறும். எங்காவது 'ஸ்ஸ்' என்று சீறினால் கசிவு அங்கேதான். பிளேன்ஜ் இணைப்புகளில் கரி படிந்த கறுப்புக் கோடு இருந்தாலும் அதே செய்திதான். ஆறிய கெட்டை இறப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் தேன்கூடு போன்ற உட்பாகம் உடைந்துவிட்டது. துண்டுகள் பின்னால் போய்ச் சைலன்சரையும் அடைக்கும்.

கெட்டைக் கழற்றுவது சத்தத்துக்காக மட்டும் இல்லை. உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, விற்றால் காசு. கழற்றிய பிறகு டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியாமலிருக்க, பின் ஒக்சிஜன் சென்சருக்கு அடியில் ஒரு ஸ்பேசரை வைப்பார்கள். குனிந்து பாருங்கள்: சென்சர் குழாயோடு ஒட்டி இருக்காமல், ஒரு அங்குலம் தூக்கி நட்டு வைத்தமாதிரி நிற்கும். ஸ்கேனர் இருந்தால் இன்னும் சுலபம். நல்ல கெட்டுக்குப் பின்னாலுள்ள சென்சர் 0.6, 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நிற்கும். முன் சென்சரைப் போலவே மேலும் கீழும் ஆடினால் கெட் செத்துவிட்டது அல்லது இல்லை. கணினி தன்னைத்தானே சோதிக்கும் ரெடினஸ் மொனிட்டர்கள் முடிவடையாமல் இருந்தால், பார்க்க வருகிறீர்கள் என்று யாரோ பிழைக் குறிகளை அழித்திருக்கலாம். ஆர்எக்ஸ்-8 வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: இக்னிஷன் கொயில் பழுதானால் எரியாத பெற்றோல் கெட்டுக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அடைத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு "ரேசிங் சவுண்ட்" என்று விற்பார்கள். அதிலுள்ளது பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின், அதற்கென்றே இருக்கும் கருவியால் கொம்ப்ரெஷன் (உள்ளே எழும் அழுத்தம்) பார்க்காமல் அந்த வண்டியில் கை வைக்காதீர்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த தாளைக் காட்டினால் மயங்கவேண்டாம். அந்த ஒரு நாளைக்குக் கெட்டை மாட்டிப் பிறகு கழற்றுவது பத்து போல்ட் வேலை. தாளிலுள்ள திகதியையும் போல்ட்களையும் சேர்த்துப் பாருங்கள். பழைய வண்டியில் துருவே இல்லாத நட்டு, ஸ்பானர் பட்டுப் பளபளக்கும் மூலைகள் எல்லாம் பேசும்.

கெட் இல்லாத வண்டியில் கார்பன் மொனொக்சைட் பலமடங்கு வெளியே வருகிறது. நிறமில்லை, மணமில்லை. தரைக்கடியில் ஒரு கசிவும், கியர் அடியிலோ டிக்கியிலோ கிழிந்த ஒரு இறப்பரும் இருந்தால் அது உள்ளே வரும். ஏசியை உட்சுழற்சியில் போட்டு நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றால் தலையிடி, குமட்டல், தூக்கம். தம்பிமாரே, பின் சீற்றில் பிள்ளையை இருத்திக்கொண்டு அப்படி ஓட்டாதீர்கள். தொடர்மாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று நிற்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் பெற்றோலைக் கூட எரிக்கும். கெட் இருந்தாலும் அது 300 பாகை அளவில் சூடேறும்வரை வேலை செய்யாது.

ஓட்டிப் பார்க்கும்போது கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் ஏறி, கண்ணாடிகளை மூடி, 100இல் ஒரே வேகத்தில் பத்து நிமிடம் போங்கள். ரேடியோ வேண்டாம். நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் செக்கனுக்கு 100 வெடிப்பு. பல சிறிய கார்களின் உட்பகுதி அந்த அளவில் சேர்ந்து அதிரும். வெளியே நின்று கேட்டபோது இனித்த அதே சத்தம் உள்ளே மண்டைக்குள் 'ஊம்' என்று இறங்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சைலன்சரை மாற்ற முன், நடுக்குழாயிலிருந்து ஒரு பக்கக் கிளை ஒட்டி அதன் முனையை அடைத்துப் பாருங்கள். 100 வெடிப்புக்கு ஏறத்தாழ 1.2 மீற்றர் நீளம். சத்தம் அந்தக் கிளைக்குள் போய்த் திரும்பி வந்து தன்னைத்தானே அழிக்கும். இந்த 'ஊம்' சத்தத்தைக் குறைக்கும் நடு ரெசொனேட்டரை வெட்டி எறிந்தவர்களுக்கு இந்தச் செலவு கட்டாயம் வரும்.

அக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கும் 'பொப்ஸ்' மெப் (எஞ்சின் கணினிக்கு ஏற்றும் மாற்று நிரல்) போட்ட வண்டிகளை நான் சிபாரிசு செய்வதே இல்லை. தீப்பொறியைப் பிந்தவைத்து, பெற்றோலைக் குழாய்க்குள் எரிக்கிற வேலை அது. எக்ஸோஸ்ட் வால்வும் டர்போவும் கெட்டும் அந்தச் சூட்டைச் சுமக்கின்றன. முந்தின சொந்தக்காரர் அனுபவித்துவிட்டுப் போவார், மெஷினிங் கட்டணம் உங்களுக்கு.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் தண்ணீர் ஆவியாக வருகிறது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போய் வரும் குட்டி ஓட்டத்தில் சைலன்சர் சூடேறாது, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அதற்காகத்தான் சைலன்சரின் அடிப்பக்கத்தில் 2, 3 மில்லிமீற்றரில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதைப் பழுது என்று எண்ணி வெல்டிங் அடித்து மூடிவிடுகிறார்கள்! ஒரு மழைக்காலம் போதும், உள்தகடு உதிர்ந்துவிடும். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் வண்டிகளுக்கு வெளியிலிருந்து உப்புக்காற்று வேறு. வால்வு வைத்த சைலன்சர் என்றால் திறந்தும் மூடியும் பாருங்கள், உப்புப் பிடித்து இறுகிக் கிடக்கும்.

அயலவர்களையும் யோசியுங்கள். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் இரு பக்கமும் மாடிகள். ஒரு சத்தம் சுவரில் அடித்துச் சுவரில் திரும்பி, ஐந்தாம் மாடியில் படுத்திருக்கிற நோயாளியின் அறைக்குள் போகிறது. ஜப்பானில் முன்பக்க எஞ்சின் கார்களுக்கு, குழாய் வாயிலிருந்து அரை மீற்றரில், 45 பாகையில், 96 டெசிபல் என்று எல்லை வைத்தார்கள். அந்த நாட்டின் வீதிக்கென்று செய்த தரமான சைலன்சர்களில் இதற்கான தகடு பொறித்திருக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் அப்படி ஒன்றைத் தேடுங்கள். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மினுங்குகிறதெல்லாம் அந்தத் தரம் இல்லை. தகட்டைத் தடவிப் பாருங்கள், ஸ்டிக்கர் என்றால் நகத்தில் உரியும்.

காசு எண்ணிக் கொடுக்க முன் கடைசியாக ஒரு கேள்வி: கொம்பனிச் சைலன்சரும் கெட்டும் எங்கே? "வீட்டில இருக்கு, பிறகு தாறன்" என்றால் அந்தப் பிறகு வராது. போய்க் கையோடு எடுத்து வாருங்கள். இல்லை என்றால் அவற்றை மறுபடி வாங்கி மாட்டும் விலையைக் கடையில் கேட்டு, அதை முழுவதுமாகக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.