நாய் நீச்சலுக்குள் நடப்பது

திங்கட்கிழமை காலை மருது எழுந்து வந்தபோது அவன் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் நேராக நின்றது. மீதி, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி விழுந்து கிடந்தது. "ராத்திரி கதவுல கிதவுல மாட்டி நசுங்கிடுச்சாடா?" என்று அம்மா பதறிப்போனார். எங்கே தொட்டாலும் பேசாமல் இருக்கிற பிள்ளை, வாலின் அடியில் விரல் பட்டதும் மூக்கால் என் கையைத் தள்ளினான்.

மருது ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர். இரண்டரை வயது, 27 கிலோ. நாள் முழுக்க வேட்டைக்காரரோடு ஓட வேண்டும், பறவை இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும், சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் இறங்கிக் கவ்வி வர வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவாக்கிய இனம் அது. பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி வீட்டில் அந்தச் சக்தி எல்லாவற்றுக்கும் வழி தேட வேண்டியிருக்கிறது. அதனால் முந்தின நாள், கனகபுரா ரோட்டுப் பக்கம் நாய்களுக்கென்றே இருக்கும் ஒரு நீச்சல் குளத்தில் அவனை முக்கால் மணி நேரம் விட்டிருந்தேன். வால் தொங்கியதற்குக் காரணம் அந்த முக்கால் மணி நேரம்தான் என்றார் டாக்டர்.

தண்ணீருக்குள் ஒரு நாயின் உடம்பு என்னதான் செய்கிறது? நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகள் முதலில் பழகுவது நாய் நீச்சல். அமெரிக்காவில் ஃபிராங்க் ஃபிஷ் என்ற உயிரியலாளரின் குழு, 6 இனங்களைச் சேர்ந்த 8 நாய்களை நீருக்கடியில் வீடியோ எடுத்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. இனம் எதுவானாலும் நீந்தும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தரையில் துள்ளுநடை போடும்போது முன் வலக்காலும் பின் இடக்காலும் சேர்ந்து போகுமே, அதே குறுக்கு ஜோடிதான் தண்ணீரிலும். தரையில் நடந்ததையே தண்ணீரில் கொஞ்சம் வேகமாக, கால்களை இன்னும் அகலமாக வீசிச் செய்கிறது. குளத்தின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். மருதுவின் முன்கால் பின்னோக்கித் தள்ளும்போது விரல்கள் விரிந்து, நடுவிலுள்ள தோல் இழுபட்டு, பாதம் ஒரு சின்னத் துடுப்பாகிவிடும். முன்னால் கொண்டுவரும்போது மணிக்கட்டை மடக்கி, பாதத்தைச் சுருட்டிக்கொள்வான். தள்ளும்போது நீரைப் பிடிப்பதும் திரும்பும்போது விடுவதும்தான் நீச்சல். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனுக்கு அது வருகிறது.

ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் வெப்பம். தசை செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலையாக மாறாமல் சூடாகத்தான் போகிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது எதற்கும் போதாது. மூச்சிரைப்பதுதான் அதன் வழி. நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் கூட இரைக்கும். இவ்வளவு வேகமாக நெஞ்சை அசைத்தாலே சூடு ஏறாதா என்று தோன்றும். ஊஞ்சலை அது ஆடுகிற கதியிலேயே தள்ளினால் கை வலிக்காது அல்லவா? நாயின் மூச்சு மண்டலத்துக்கும் அப்படி ஓர் இயல்பான கதி உண்டு. சரியாக அந்தக் கதியில்தான் இரைக்கிறது. அதனால் செலவு குறைவு. காற்று பெரும்பாலும் மூக்கு வழியே உள்ளே போய் வாய் வழியே வெளியேறுகிறது என்பதை 1970இல் ஷ்மிட்-நீல்சன் குழு அளந்து காட்டியது. மூக்கின் ஈரமான உட்சுவரில் நீர் ஆவியாகி, அங்கே ஓடும் ரத்தத்தைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்று மூக்கு வழியே திரும்பினால் சூட்டையும் ஈரத்தையும் அங்கேயே விட்டுவிடும். வாய் வழியே போவதால் மொத்தமாக வெளியே போய்விடுகிறது.

ஏப்ரல் மாத பெங்களூரு வெயிலில் இந்த ஏற்பாடு திணறும். பத்து நிமிடம் பந்து துரத்தினால் மருதுவின் நாக்கு அகன்று தரையைத் தொடப் பார்க்கும். நாயின் சாதாரண வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் கதையே வேறு. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். தசையில் பிறந்த சூடு அப்படியே குளத்துக்குப் போய்விடுகிறது. இரைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. நானும் "இன்னும் களைக்கவே இல்லையே" என்று நினைத்து மேலும் மேலும் பந்தை வீசினேன். அங்கேதான் தவறு. மூச்சு களைப்பைக் காட்டவில்லை என்பதற்காகத் தசை களைக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதிலும் இவனுக்கு முடி குட்டை, கொழுப்பு குறைவு. லேப்ரடாருக்கு இருக்கும் அடர்ந்த உள்முடி இல்லை. அன்று டிசம்பர் காலை வேறு. அவன் உடம்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிட்டது.

சரி, வாலுக்கு என்ன ஆயிற்று? எலும்பு முறியவில்லை. அமெரிக்காவில் இப்படி வால் தொங்கிய பாயின்டர் நாய்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, வாலின் அடியில் உள்ள தசையிழைகள் சேதமாகியிருப்பதையும், தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி உயர்ந்திருப்பதையும் கண்டது. பழக்கமில்லாத கடும் உழைப்பு, குளிர்ந்த நீர், கூண்டில் நீண்ட பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு இது வரும். 2016இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் லேப்ரடார் ஆய்விலும் நீந்தும் நாய்களிடம் இது அதிகம் காணப்பட்டது. வலி நிவாரணி, ஓய்வு, சில நாள் பொறுமை, அவ்வளவுதான்.

கரையேறியதும் உதறுவதையும் சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டிய அரை லிட்டர் நீரை ஆவியாக்கியே காய வேண்டுமென்றால் 290 கிலோகலோரி வேண்டும். நான்கைந்து இட்லியின் சக்தி. உதறினால் சில நொடிகளில் பெரும்பகுதி பறந்துவிடும். பெரிய நாய் நொடிக்கு நான்கைந்து முறை உதறும், சுண்டெலியோ சுமார் 30 முறை. உடல் சிறியதானால் துளியைப் பிய்த்தெறிய வேகம் கூட வேண்டும். 2012இல் ஜார்ஜியா டெக் குழு அளந்த கணக்கு இது.

பந்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் அந்தக் குளத்தில் வேலை செய்யும் தர்மபுரித் தம்பி. "அண்ணா, பந்து வேணாம். வாய் திறந்தே இருக்கும், தண்ணி உள்ள போயிட்டே இருக்கும்" என்று தட்டையான ரப்பர் வளையம் ஒன்றைக் கொடுத்தார். நீரை அதிகம் விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளைச் செல்கள் வீங்கும். தள்ளாட்டம், வாந்தி, வயிறு உப்பல், வெளிறிய ஈறு எதைப் பார்த்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஏரியில் அவனை இறக்குவதே இல்லை. சாக்கடை கலந்த நீரில் எலி மூத்திரம் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் வரும், அது நமக்கும் தொற்றும். காதையும் துடைத்தே ஆக வேண்டும். நாயின் காதுக்குழாய் 'L' வடிவில் வளைவதால் உள்ளே போன நீர் தானாக வெளிவராது.

இப்போது ஐந்து நிமிடம் நீச்சல், அப்புறம் கரையில் துண்டு, அப்புறம் மறுபடி ஐந்து நிமிடம். மொத்தம் இருபதைத் தாண்ட விடுவதில்லை.

வால் நான்காம் நாள் பாதி எழுந்தது. ஆறாம் நாள் காலை அம்மா பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம் கேட்டு ஓடியவன், ஸ்டூல் மேலிருந்த டம்ளரை அதே வாலால் தட்டிவிட்டான். அம்மா திட்டவே இல்லை.