இயல்புரிமையா, குடியேற்பா?

'பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, நிலப்பகுதி இணைவு: இந்த ஐந்து வழிகளில் இந்தியக் குடியுரிமை கிடைக்கும்.' போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ராமநாதபுரத்தில் இதை மனப்பாடம் செய்வதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான்காவது சொல் உறுத்துகிறது.

'நேச்சுரலைசேஷன்' என்பதற்குத்தான் 'இயல்புரிமை' என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன், அடிப்பொருள் பிறத்தல். அயல்நாட்டில் பிறந்தவரை இங்கே பிறந்தவருக்கு நிகராக ஏற்பது என்பதே கருத்து. காடு மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால் சிலர் எழுதும் 'இயற்கைமயமாக்க'லைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இயல்புரிமையைத்தான் பேச வேண்டும், அது கேட்க நன்றாக இருந்துகொண்டே தவறான பொருள் தருவதால். இயல்பு என்றால் கூடவே இருப்பது. உரிமை என்றால் கேட்டுப் பெறக்கூடியது. இந்தக் குடியுரிமையோ இரண்டும் இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாருங்கள். விண்ணப்பிக்க வேண்டும், மனநிறைவு ஏற்பட்டால் மத்திய அரசு சான்றிதழ் தரலாம். 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, 'தர வேண்டும்' என்று இல்லை.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் முப்பது வருடமாக இருக்கிற ஒருவர் 'இயல்புரிமை' என்று படித்தால் என்ன நினைப்பார்? இவ்வளவு காலம் இங்கே இருந்தாயிற்று, இனி தானாக வந்துவிடும் என்றுதானே? வராது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முறையான பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருக்கு இந்த வழி அடைபட்டது. போருக்குத் தப்பி இரவோடு இரவாகப் படகில் வந்து அரிச்சல்முனையில் இறங்கியவர் எந்தக் கடவுச்சீட்டைக் காட்டுவார்? அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் தேர்தல் பிரசார வண்டியின் சத்தம் அவர் வாசல் வரை வரும், வாக்குச்சீட்டு வராது.

போர்க்காலம் இந்தச் சொல்லின் பொய்யை இன்னும் நன்றாகக் காட்டும். பஞ்சாபிலிருந்து அமெரிக்கா போன பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரின்போது அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1918 டிசம்பரில் குடியுரிமை கொடுத்தார்கள். நான்கே நாளில் பறித்தார்கள். 1920இல் மறுபடி கிடைத்தது; 1923இல் உச்ச நீதிமன்றம் அவர் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. உயர்சாதி ஆரியர் என்பதால் தாமும் வெள்ளையரே என்று அவர் தரப்பில் வைத்த வாதம் எனக்கு உவப்பானதல்ல. வாசலையே இடிக்காமல் தனக்கு மட்டும் வழி கேட்ட வாதம் அது. ஆனால் ஒரு நாட்டின் சீருடையைப் போட்டவர் அந்த நாட்டின் மக்களாட்சியில் பங்கு கேட்டது நியாயம். முன்னாள் போர்வீரர்களுக்கான தனிச்சட்டத்தால் 1936இல்தான் அவருக்கு நிலைத்தது. இயல்பான உரிமையை இப்படிக் கொடுத்துக் கொடுத்துப் பிடுங்க முடியுமா?

என் பரிந்துரை: குடியேற்பு. குடி நமக்குப் பழைய சொல். 'குடிதழீஇக் கோலோச்சும்' என்கிறது குறள். குடிகளை அணைத்து ஆளும் மன்னனைச் சொல்லும் இடம். குடியேற்றத்தோடு குழம்பும் என்று ஒரு நண்பர் மறுத்தார். குழம்பாது. ஏறுவது வேறு, ஏற்பது வேறு. குடியேறுவது வந்தவர் செயல். குடியேற்பது நாட்டின் செயல். வெளியூர் மாப்பிள்ளை இங்கேயே தங்கிவிட்டால் ஊர் கூடித் தலைக்கட்டில் சேர்த்து வரி வாங்குவது போலத்தான் இதுவும். சேர்க்கிறவர் யார் என்பது சொல்லிலேயே தெரிகிறது, சேர்க்காவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் குடியுரிமையைப் 'பிரஜாவுரிமை' என்று யாராவது சொன்னாலே திருத்தப் பாய்கிறார்கள். இலங்கை மலையகத்திலிருந்து வந்த பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 1947இல் வாக்களித்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் பறித்தது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. இழந்தபோது அந்த உரிமைக்கு அவர்கள் வாயில் இருந்த பெயர் பிரஜாவுரிமை. அவர்களைத் திருத்துவதற்கு முன், அரசுச் சொல்லை அகராதி புரட்டாமல் பெயர்ப்பவர்களைத் திருத்துங்கள். வடமொழி கலந்தாலும் அந்தச் சொல் யாரையும் ஏமாற்றவில்லை. தூய தமிழான இயல்புரிமை ஏமாற்றுகிறது.

ஆகவே குடியேற்பு விண்ணப்பம், குடியேற்புச் சான்றிதழ், குடியேற்பால் குடிமக்களானோர் என்று எழுதலாம். இயல்புரிமையை, உயிர்வாழும் உரிமை போலப் பிறப்போடு வருகிறவற்றுக்கு விட்டுவிடலாம்.