முழுநேரத் துணை தேவைப்படுவோருக்கான கூடுதல் உதவித்தொகை: தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

டர்பனுக்குத் தெற்கே உம்சிண்டோ, போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கமும், வடக்கே டொங்காட், ஸ்டாங்கர் பக்கமும் உள்ள ஊர்களில், படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்க வைக்கப் பயிற்சி பெற்ற ஆளைத் தேடுவது எளிதன்று. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் பகுதி இது. பிள்ளைகள் வேலைக்காக டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போய்விட, ஊரில் தங்கிய மகளோ மருமகளோ தன் வேலையை விட்டுவிட்டு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். இத்தகைய வீடுகளுக்கென்றே அரசு ஒரு சிறு தொகையை ஒதுக்கியிருந்தும், அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அறியாத குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இத்தொகைக்கு 'கிராண்ட்-இன்-எய்ட்' என்று பெயர். இது தனியாகக் கிடைப்பதில்லை. முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, போர் வீரர் உதவித்தொகை ஆகியவற்றுள் ஒன்றை ஏற்கெனவே பெறுபவர், உடல் அல்லது மனக் குறைபாட்டினால் இன்னொருவரின் முழுநேரத் துணையின்றி வாழ முடியாதவராக இருந்தால், அந்தத் தொகைக்கு மேல் இது சேர்த்துத் தரப்படும். 2025 ஏப்ரலில் அந்த முதன்மை உதவித்தொகைகளுள் முதியோருக்கும் (75 வயதுக்குட்பட்டோர்) மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை மாதம் 2,310 ராண்டாகவும், துணைக்கான கூடுதல் தொகை 560 ராண்டாகவும் இருந்தன. இத்தொகைகள் நிதிநிலை அறிக்கையை ஒட்டி மாற்றி அமைக்கப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அளவைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. அரசு மானியம் பெறும் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கப்படுபவருக்கு இந்தக் கூடுதல் தொகை கிடையாது.

எடுத்துக்காட்டாக, 68 வயதான ஒருவர் முதியோர் உதவித்தொகை பெற்று வருகிறார். பக்கவாதம் தாக்கி ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது. மகள் உடனிருந்து கவனிக்கிறார். இங்கே விண்ணப்பதாரர் தந்தைதான், மகள் அல்லர்; பணமும் தந்தையின் உதவித்தொகையோடு சேர்ந்து அவர் கணக்குக்கே வரும். கவனிப்பவர் உறவினராக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், கூலிக்கு வருபவராகவும் இருக்கலாம். முதன்மை உதவித்தொகைக்கு வருமான வரம்பு பார்க்கும்போது விண்ணப்பதாரரின் வருமானத்தையும் அவருடைய கணவர் அல்லது மனைவியின் வருமானத்தையும் மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். "மகன் சம்பாதிக்கிறானே, நமக்கு எங்கே தரப்போகிறார்கள்" என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம்.

விண்ணப்பத்தைத் தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமையின், அதாவது 'சாஸ்ஸா'வின், அருகிலுள்ள அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். அடையாள அட்டையும், முழுநேரத் துணை ஏன் தேவை என்பதை விளக்கும் மருத்துவ மதிப்பீடும் அவசியம். மதிப்பீடு மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மருத்துவரிடம் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவது போதாது என்பது என் கருத்து: கழிப்பறைக்குத் தனியாகச் செல்ல முடியுமா, இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொள்கிறாரா என்று அன்றாட நிலையைக் கவனிப்பவரே உடன் சென்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் 'முழுநேரத் துணை' என்ற சொல்லுக்கு அந்தத் தாளில் உயிர் கொடுப்பவை அந்த விவரங்களே. நேரில் வர இயலாதவருக்காக உறவினரோ நண்பரோ அலுவலகத்துக்குச் சென்று கடிதத்தையோ மருத்துவர் குறிப்பையோ காட்டினால், அதிகாரி வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யலாம். தேதியிட்ட ரசீதை வாங்காமல் திரும்பக் கூடாது. முடிவு வர மூன்று மாதம் வரை ஆகலாம் என்றாலும், ஒப்புதல் கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள், அந்த நாளுக்குச் சான்று இந்த ரசீதுதான்.

இந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனியார் வீட்டில் முதியோரையோ நோயாளிகளையோ மாற்றுத்திறனாளிகளையோ கவனிக்க அமர்த்தப்படுபவர் சட்டப்படி வீட்டுப் பணியாளர் ஆவார். 2025 மார்ச்சில் அவருக்குரிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட்டாக இருந்தது. எவ்வளவு குறைந்த நேரம் வேலை செய்தாலும் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஊதியமாவது தந்தாக வேண்டும். அந்த ஆண்டின் அளவுகளைக் கொண்டு பார்த்தால் 560 ராண்டில் மாதத்துக்கு ஐந்து அரை நாட்கள்கூட முழுமையாகத் தேறாது. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் வேலையின்மைக் காப்புறுதி நிதியில் அவரைப் பதிவு செய்து, முதலாளி ஒரு விழுக்காடும் பணியாளர் ஒரு விழுக்காடும் செலுத்த வேண்டும். சிற்றூர்களில் பராமரிப்புப் பணியாளர்களுக்கான தேவை கூடிக்கொண்டே போகையில், இத்தொகை ஒருவருக்குச் சம்பளமாகாது. மகளுக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஓய்வு தருவதற்கு உதவும், அவ்வளவே. அந்த ஓய்வின் அருமை, ஆண்டுக்கணக்கில் கவனித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. கடுமையான குறைபாட்டினால் நிரந்தரக் கவனிப்பு தேவைப்படும் குழந்தையின் பெற்றோரோ பாதுகாவலரோ, பராமரிப்புச் சார்பு உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் அதுவும் 2,310 ராண்டாக இருந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும்போது அது நின்றுவிடும் என்பதால், மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கும் அதனுடன் துணைக்கான கூடுதல் தொகைக்கும் விண்ணப்பிக்க முன்கூட்டியே தயாராக வேண்டும். குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றோர், அகதிகள் ஆகியோருக்கே இவை உரியவை. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கிடைக்காது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். முடிவை அறிந்த 90 நாட்களுக்குள் சுயேச்சையான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு எழுதலாம். மறுப்புக்குக் காரணம் மருத்துவ மதிப்பீடாக இருந்தால், விடுபட்ட விவரங்களைச் சேர்த்துப் புதிய மருத்துவர் கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். ஐயங்களுக்குச் சாஸ்ஸாவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 0800 60 10 11.