‘கீது’ என்று வாசித்த குழந்தை

குடியாத்தம் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்பித்து வருகிறேன். கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த படக்கதை ஒன்றில், ‘மரத்தில் கிளி இருக்கிறது’ என்ற வரியின் கீழ் விரலை ஓட்டியபடி ஒரு சிறுமி, ‘மரத்துல கிளி கீது’ என்று வாசித்தாள். அருகில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் புத்தகத்தை மூடினாள். மீண்டும் வாய்விட்டு வாசிக்க மூன்று வாரங்கள் ஆயின.

அவள் செய்தது பிழை அன்று. எழுத்தைக் கண்டு, சொல்லை அறிந்து, பொருளையும் பிடித்துக்கொண்டு, அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொன்னாள். ‘ஆமாம், கிளி கீது, புத்தகத்தில் அதை இருக்கிறது என்று எழுதுவார்கள்’ என்று சொல்லி, அந்தச் சொல்லை ஒருமுறை நாம் வாசித்துக் காட்டினால் போதும். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளும் நம் பகுதியில் பலர் உள்ளனர். அவர்களை முதலில் படத்தைப் பார்த்துத் தம் மொழியிலேயே கதையைச் சொல்லவிட்டு, அதன் பிறகே தமிழ் வரிக்கு வருகிறேன்.

247 எழுத்துகளையும் முடித்த பிறகுதான் கதைப் புத்தகம் என்று காத்திருக்கும் பெற்றோரிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, காத்திருக்க வேண்டாம் என்பதே. ‘க’ என்னும் ஒரே எழுத்து கடல், தங்கம், மகன் ஆகிய மூன்று சொற்களிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது; ‘கொக்கு’ என்பதில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. அட்டவணையைத் தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையும் இங்கே ‘கெக்கு’ என்று தடுமாறுவதுண்டு. பக்கத்தில் கொக்கின் படம் இருந்தால், தானே நிறுத்தித் திருத்திக்கொள்கிறது.

பக்கத்துக்கு ஓரிரு வரிகள், பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வரும் ஒரே தொடர்: தொடக்கத்துக்கு இத்தகைய புத்தகமே ஏற்றது. நூலக அடுக்குகளில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளும் கிடைக்கக்கூடும். அவற்றில் ‘னை’, ‘லை’, ‘றா’ போன்றவை வேறு வடிவில் இருப்பதால், அவற்றை நாம் வாசித்துக் காட்டலாம், குழந்தையின் கையில் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

எடுத்து வந்த புத்தகத்தை ஒரே நாளில் முடித்துவிடாமல், தவணைத் தேதி வரை தினமும் வாசியுங்கள். சில நாள்களில் குழந்தை பார்க்காமலே ஒப்பிக்கும். அதைக் கண்டு ஏமாற்றுகிறது என்று கடிந்துகொள்ளாதீர்கள். படத்தைக் கையால் மறைத்து, ‘இதில் கிளி எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேளுங்கள். மனத்தில் பதிந்த வரியைக் கண் எழுத்தோடு பொருத்திப் பார்க்கத் தொடங்குவது அந்தத் தேடலில்தான்.

‘எங்களுக்கே படிக்கத் தெரியாதே’ என்று வருந்தும் தாய்மார்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்தச் சிறுமியின் தாயும் பீடி சுற்றும் தொழிலாளி, எழுத்தறியாதவர். மாலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, மகளை அருகில் அமர்த்தி, ‘அப்புறம் என்னா ஆச்சி?’ என்று மட்டும் கேட்கும்படி சொன்னேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு அவள் புத்தகத்தைத் திறந்து மீண்டும் வாய்விட்டு வாசித்தது என் வகுப்பில் இல்லை, அந்த முறத்தின் பக்கத்தில்.