அந்தக் கொக்குக்கு இறகு இருந்ததா?

போன வாரமும் ஒரு கொக்கு வந்தது. என்னிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவர் அனுப்பியது. கரிய தண்ணீரிலிருந்து சிறகை விரித்து எழும்பும் கணம். கண்ணில் ஃபோகஸ் அச்சாக உட்கார்ந்திருக்கிறது, கால் நுனியில் சொட்டும் நீர்கூட உறைந்து நிற்கிறது. கொக்குதான் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் வெள்ளையாக ஒரு உருவம். இறகு ஒன்றுகூடத் தெரியவில்லையே என்றேன். "ரா ஃபைல்தான் சார், லைட்ரூமில் வெளிச்சத்தை இறக்கிக்கலாம்" என்றார். ரா என்பது கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு, லைட்ரூம் படத்தைத் திருத்தும் மென்பொருள். ஒரே மாதத்தில் இதைச் சொன்ன நான்காவது ஆள்.

இறக்கிப் பார்த்தோம். வெள்ளைக் காகிதம் சாம்பல் காகிதமானது.

கேமரா சுருக்கித் தரும் 8 பிட் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள், 14 பிட் ரா ஃபைலில் 16,384. இந்தக் கணக்கு காதில் விழுந்த நாளிலிருந்து எதை வேண்டுமானாலும் மீட்டுவிடலாம் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. கடைசிப் படியைத் தொட்டு முட்டிக்கொண்ட பிக்சலுக்கு அதற்குக் கீழே எத்தனை படிகள் இருந்து என்ன பயன்? நிரம்பிய குடத்தைப் பார்த்து எவ்வளவு வழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால் மற்ற இரண்டை வைத்து மென்பொருள் ஏதோ ஊகித்து ஒப்பேற்றும். மூன்றும் நிரம்பிவிட்டால் ஊகிக்க ஒன்றுமே இல்லை. இருட்டாக எடுத்த படத்தை ஓரளவு தூக்கலாம். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், ஆனால் இறகு இருக்கும். நெகட்டிவ் ஃபிலிமில் பழகிய மூத்தவர்கள் 'நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வை', அதாவது இருண்ட பகுதிக்கு ஏற்ப வெளிச்சத்தை விடு, என்பார்கள். ஃபிலிமுக்கு அது சரி. டிஜிட்டலில் முதலில் காப்பாற்ற வேண்டியது வெளிச்சமான பகுதியைத்தான்.

சரி, கேமரா ஏன் இப்படிச் செய்தது? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரைக்கூட மன்னிக்கலாம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெளுத்ததும் கறுத்ததும் எல்லாமே சாம்பல். எதைக் காட்டினாலும் சராசரியாக ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஃபிரேமில் முக்கால்வாசி கரிய தண்ணீர் என்றால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும். நடுவில் நிற்கும் கொக்கு எரிந்துபோகும்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. 'வெள்ளைக்கு பிளஸ், கறுப்புக்கு மைனஸ்' என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பிளஸ் என்றால் மீட்டர் சொன்னதைவிட வெளிச்சத்தைக் கூட்டுவது, மைனஸ் என்றால் குறைப்பது. அந்த வாய்ப்பாடு பனிமலைக்குச் சரி, ஏனென்றால் ஃபிரேம் முழுக்க வெள்ளை. வெள்ளைப் பறவை ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றாலும் சரி. இருட்டுப் பின்னணியில் சின்னதாக நிற்கும் கொக்குக்கு பிளஸ் வைத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. அங்கே மைனஸ் 1, சில நேரம் அதற்கும் கீழே. வெளிறிய வானத்தில் பறக்கும் காக்கைக்கு, அது கறுப்பாகவே இருந்தாலும், பிளஸ் வைக்க வேண்டும். பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃபிரேமில் எது அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீரிலிருந்து எழுந்து மரத்தைத் தாண்டி வானத்துக்குப் போகும் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறுகிறது. மீட்டரோ ஒவ்வொரு நொடியும் மனசை மாற்றிக்கொள்ளும். அதனால் அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவலுக்கு வாருங்கள். வானம் தெளிவாக, சூரியன் நன்றாக மேலேறி, உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/1600 நொடி. வெள்ளைப் பறவைக்கு ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, 1/3200. மீட்டர் சொல்படி தானாக மாறும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள்! அதை ஓடவிட்டுவிட்டு 'நான் மேனுவலில்தான் எடுத்தேன்' என்று சொல்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

முதல் படத்தை எடுத்ததும் எரிந்த இடங்கள் மினுக்கும் எச்சரிக்கையைப் பாருங்கள். சின்னப் பறவை, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் முடிபோல ஒரு கோடாகத்தான் தெரியும், கண்ணில் படாது. திரையின் பிரகாசத்தையும் நம்பாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டு, விடியலில் எல்லாப் படமும் பளிச்.

ஃபிரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்ற கம்போசிஷனுக்கு வந்தால், ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் விதியைப் பற்றி என்னிடம் கேட்காதவர் இல்லை. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர் அதற்கு அந்தப் பெயரை வைத்து எழுதியது 1797-ல், நிலக்காட்சி ஓவியங்களை மனதில் வைத்து. புகைப்படக் கேமரா அப்போது பிறக்கவே இல்லை. விதி இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் முதலில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் வரும். அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரமாகிக் குழைந்துவிடும். தலைக்குப் பின்னால் ஒரு குச்சி முளைத்திருந்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள், போய்விடும். பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். அழுத்துவதற்கு முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதம் வெட்டுப்பட்ட பறவையை எந்த மென்பொருளும் நடக்க வைக்காது.

பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டைச் சுற்றியுள்ள இலையையும் கிளையையும் ஒடிக்காதீர்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், வேட்டையாட வருபவற்றிடமிருந்து மறைப்பு. இலை போனால் வெயில் நேராக விழும், தாய் திரும்பி வரத் தயங்கும். கூடு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால், எக்ஸ்போஷரைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கிளையின் நுனியைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.