அந்த ஓர் அங்குலம் எங்கிருந்து வருகிறது?

எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. காரில் ஐந்து பேர் இருந்தால், பின்சீட்டுக்காரர்களை இறக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகச் சாய்த்து ஏற்றித்தான் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ‘கரக்’கென்று தட்டும். ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்தலாமா என்ற யோசனை அங்கேதான் வந்தது.

எடை ஏற ஏற ஸ்பிரிங் அதே விகிதத்தில் அமுங்கும். 17-ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் சொன்ன விதி இது. ஒரு ஸ்பிரிங் 300 கிலோவைத் தாங்குகிறது, ஒரு மில்லிமீட்டர் அமுங்க அதற்கு 2 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி சும்மா நிற்கும்போதே அது 150 மி.மீ. அமுங்கியிருக்கும். இந்த நிலையிலிருந்து 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம், உயர்த்த வேண்டும்.

மி.மீ.க்கு 2.4 கிலோ கேட்கும் ‘ஹார்டு’ ஸ்பிரிங் போட்டால் 125 மி.மீ.தான் அமுங்கும். பழைய விறைப்பிலேயே, அதாவது மி.மீ.க்கு 2 கிலோ கணக்கிலேயே, 25 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஸ்பிரிங் போட்டாலும் நிற்கும் உயரம் அதேதான். ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு. சக்கரத்துக்கு 60 கிலோ கூடினால் பழைய விறைப்பு 30 மி.மீ. இறங்கும், ஹார்டு 25 மி.மீ. இறங்கும். இந்த 5 மி.மீ.க்காக, தனியாகப் போகும் நாளெல்லாம் ஒவ்வொரு கல்லையும் முதுகில் வாங்க வேண்டும். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. கம்பியின் தடிமன் 12 மி.மீ.யிலிருந்து 13 ஆனால் பார்வைக்குத் தெரியாது. விறைப்போ தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், சுமார் 38 சதவீதம் கூடிவிடும். சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் ஹார்டு ஸ்பிரிங் கணக்குதான். ஒரு சுற்றை அது வேலை செய்ய விடாமல் பிடித்துக்கொள்கிறது.

சரி, ஏறிய அங்குலம் எங்கிருந்து வந்தது? ஷாக் அப்சார்பர் பழசுதான், அதன் முழு நீளமும் மாறவில்லை. முன்பைவிட அது ஓர் அங்குலம் நீண்டபடியே நிற்கிறது. அதனால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் அவ்வளவு குறைகிறது. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ‘டங்’கென்று சத்தம் கேட்டால், ஷாக் அப்சார்பரின் ராடு தன் எல்லையை முட்டுகிறது என்று பொருள். இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டும் கூடுதல் கோணத்தில் சுழலும், அப்புறம் அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். சக்கரங்களின் சாய்வு மாறுவதால் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதனால் விறைப்பை மாற்றாமல் 15 மி.மீ. உயர்த்துவதோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மெக்கானிக், அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரின் திருகை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்கினார். நம் கணக்கின்படி 150 மி.மீ. அமுங்கிய ஸ்பிரிங்குக்குள், இடுப்பு உயரத்திலிருந்து விழும் 25 கிலோ அரிசி மூட்டையின் ஆற்றல் இருக்கிறது. “நேரா நிக்காதீங்க சார், தள்ளி நில்லுங்க” என்றார். திருகு முழுதாகத் தளரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.